கட்டின நண்டு காத்திருக்கும்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். வரி கோணலாகப் போகும். முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். சிலது மறந்தும் போச்சு. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மகளிர் குழுவில், மறக்க முடியாத ஒருவரைப் பற்றி ஆளுக்கொன்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மற்றவர்கள் பெற்ற தாயைப் பற்றி எழுதினார்கள். நான் அக்காவைப் பற்றி எழுதுகிறேன். கூடப் பிறந்த அக்கா இல்லை. பெயர் போடவில்லை. போட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கரையில் அக்காவுக்கு ஒரு நண்டு ஷெட்டு இருந்தது. அங்கே நான் கூலிக்கு நண்டுக் கொடுக்கைக் கயிற்றால் கட்டப் போனேன். அப்படித்தான் பழக்கம். படகில் வரும் நண்டை மல்லாத்தி, கால் முளைக்கும் இடத்தில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவாள். கெட்டியாக இருந்தால் சதை நண்டு. அமுங்கினால் தண்ணி நண்டு. ஓடு மாற்றி இன்னும் சதை பிடிக்காதது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சில தண்ணி நண்டு சதை நண்டைவிடப் பளபளப்பாகக்கூட இருக்கும்.

முதல் நாள் நான் கூடையில் இருந்ததிலேயே பெரிய நண்டாகப் பார்த்து எடுத்துக் கட்டினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பெரியது என்றால் கை தானாகப் போகும். அக்கா என் கையில் தட்டினாள்.

"இன்னாமே, பெருசா பாத்துப் பொறுக்கிக்கினு கீற? பெருசு எங்கியும் போவாது. கட்டி ஈரச் சாக்குல போட்டா நாள்கணக்கா உசுரோட கெடக்கும். அதோ ஓரத்துல நொரை தள்ளிக்கினு கீது பாரு, அத எடு மொதல்ல. அது செத்துச்சுன்னா நாய்கூட மோந்து பாக்காது."

"சின்னதா கீதேக்கா."

"சின்னதுதான். இன்னைக்கே ஆள் புடிச்சுக் குட்த்துட்டா யாரோ ஒருத்தி வூட்ல கொழம்பாவும். கட்டின நண்டு காத்திருக்கும்மே. சாவப்போறதப் பாரு."

தண்ணி நண்டையும் அவள் தூக்கி எறிய மாட்டாள். ஷெட்டுக்குப் பின்னால் வலை கட்டிய குட்டையில் விட்டுத் தீனி போடுவாள். "இதுக்குக் கொஞ்ச நாள் குடுக்கணும்" என்பாள். ஆக, மூன்று கூடை. இன்றைக்கே பார்க்க வேண்டியது, காத்திருக்கக் கூடியது, நாள் கொடுத்தால் தேறக் கூடியது. அவளுக்கு உலகமே அந்த மூன்று கூடைதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்தக் கட்டைவிரல் நண்டோடு நிற்காது. டீக்கடையில் பன்னை அமுக்குவாள். பொன்னேரி பஸ்ஸில் ஏறினால் சீட்டை அமுக்கிவிட்டு உட்காருவாள். மகளைப் பெண் பார்க்க எளாவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, தாம்பூலம் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பையன் தோளை ஒரு அமுக்கு அமுக்கினாள். பையன் வெலவெலத்துப் போனான். அவனுடைய அம்மா, "இன்னாங்க இது, எம்புள்ளைய மார்க்கெட்டுல வாங்குற மாதிரி?" என்று கேட்டாள். "கோச்சுக்காதீங்க சம்மந்தி, கை பழகிப்போச்சு. நல்ல கெட்டியான புள்ள" என்று அக்கா சொன்னாள். அவர்களும் சிரித்துவிட்டார்கள். கல்யாணம் நடந்தது.

அந்த மகள் அம்மாவுக்கு ஒரு புது மிக்சி வாங்கிக் கொடுத்திருந்தாள். அது அட்டைப்பெட்டியோடு பரண் மேல் இருக்கும். பழைய மிக்சி ஓட்டை லாரி மாதிரி கத்திக்கொண்டு அரைக்கும். ஏன் அக்கா என்றால், "இது நிக்குதுமே. இது படுத்தா அது எறங்கும்" என்பாள்.

நிற்கும் என்பது அவளுக்குப் பிடித்த வார்த்தை. ஒன்றை அமுக்கிப் பார்த்து அது நிற்கும் என்று தெரிந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "அப்பாடா, இது நிக்கும், வுடு" என்று மூச்சு விடுவாள். குறை கண்டுபிடிக்கத்தான் அலைகிறாள் என்று ஊரில் நினைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். எதை விட்டுவைக்கலாம் என்று கண்டுபிடிக்கத்தான் அவள் அலைந்தாள்.

ஒரு தேர்தலில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தது. எல்லாக் குப்பத்துப் பெண்களும் அவளிடம் நண்டு கொடுத்தவர்கள். அதனால் அவள் ஜெயித்தாள். எங்கள் குப்பத்து வார்டும் பெண்களுக்கு வந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் எங்கள் குப்பத்துக்குப் பெரியவர். நான் மாமா என்று கூப்பிடுவேன், எதிரில் உட்கார மாட்டேன். அவர் என்னை மெம்பருக்கு நிறுத்தினார். "இவ வாயத் தொறக்க மாட்டா. வம்பு வராது" என்றார். அது உண்மைதான். பஞ்சாயத்து ஆபீசில் கதவோரத்து நாற்காலியில் உட்காருவேன். டீ வந்தால் வாங்கிக்கொள்வேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவேன்.

தலைவரானதும் அக்கா செய்த முதல் வேலை, ஊரைச் சுற்றி அமுக்கிப் பார்த்ததுதான். எங்கள் பக்கம் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கம்பி ஊதும், காரை உதிரும், கதவுக் கீல் கையோடு வரும். புதிதாக ஒன்றைக் கட்டித் திறந்து மாலை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் அதற்கு எண்ணெய் போட ஆள் இருக்காது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள்: அடிபம்பு, அங்கன்வாடிக் கூரை, தண்ணீர் டேங்க் கால், சாக்கடை மூடி. நான் கூடவே போனேன், பேசாமல்.

டேங்க் காலைப் பார்த்துவிட்டு அவளுக்குத் தூக்கமே இல்லை. ஒரு இடத்தில் காரை பொத்தென்று அவள் கையில் வந்துவிட்டது. யூனியன் ஆபீசிலிருந்து ஓவர்சியரை வரவழைத்தாள். இளவயசுப் பையன், நல்ல பையன். சின்னச் சுத்தியலால் கால் காலாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"மேல் பூச்சுதான்மா உதிர்ந்திருக்கு. உள்ள நல்லா இருக்கு. உதிர்ந்த எடத்துல பூசி விட்டா போதும், இன்னும் ரொம்ப வருஷம் வரும்" என்றார்.

வேறு யாராவதாக இருந்தால் முகம் சுண்டியிருக்கும். அக்கா அந்தப் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்பாடா! நீ நல்லா இருக்கணும் கண்ணு. ஒரு பெரிய செலவு தப்பிச்சுது" என்றாள். அவருக்கு நண்டு கொடுத்தனுப்பினாள். சதை நண்டு.

நாங்கள் அவரைப் படகில் கொண்டுவிடப் போனபோது, அக்கரைக் குப்பத்து நடைபாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். நடுக்காலைத் தட்டினார். மறுபடி தட்டினார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா படகை இன்னும் நெருக்கி விடச் சொல்லிக் கட்டைவிரலை வைத்தாள். இந்தத் தடவை அப்பாடா வரவில்லை.

இங்கே பாடு பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நல்ல இடத்தில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வலை போட முடியாது. இன்றைக்கு ஒரு குப்பம், அடுத்து இன்னொரு குப்பம் என்று முறை சுற்றி வரும். அதைத்தான் பாடு என்போம். யாருக்கும் மனக்கசப்பு வராது. காலங்காலமாக அப்படித்தான். அதே பழக்கத்தில் பஞ்சாயத்து வேலையையும் எங்கள் ஆட்கள் பாடு போட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு பெரிய வேலைக்குத்தான் பணம் தேறும். இந்த வருஷம் இந்தக் குப்பத்துக்கு, அடுத்த வருஷம் அந்தக் குப்பத்துக்கு. எது நிற்கும், எது விழும் என்ற கேள்வியே கிடையாது. யார் முறை, அவ்வளவுதான்.

அக்கா ஜெயிப்பதற்கு முந்தின வருஷம் அக்கரைக் குப்பத்துப் பாடு. அவர்கள் ஊர் நுழைகிற இடத்தில் ஒரு ஆர்ச் கட்டிக்கொண்டார்கள். நீலமும் மஞ்சளும் அடித்து, வரவேற்கிறோம் என்று எழுதி. அந்த ஆர்ச்சுக்குப் போகவே அந்த நடைபாலத்தைத்தான் தாண்ட வேண்டும். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவதும் அதன் மேல்தான்.

அக்கா ஜெயித்த வருஷம் எங்கள் பாடு. எங்களுக்கு ஏலக் கொட்டகை வேண்டும். கரையில் மீன் இறங்கும் இடத்தில் நிழல் என்று ஒரு கைப்பிடி கிடையாது. பெண்கள் எல்லாரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து விற்போம். அப்போது என் மருமகள் மாசமாக இருந்தாள். அவளும் அந்த வெயிலில்தான் உட்கார்ந்தாள். ஒருநாள் மீன் கூடை மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். முந்தானையால் விசிறித்தான் எழுப்பினோம்.

மணலில் காயப்போட்டிருந்த வலைப் பக்கத்தில் மாமா எல்லாரையும் கூட்டினார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தத் தபா நம்ம பாடு. கொட்டா வர்து. நீ பேசத் தேவல. உனக்கு அது வரவும் வராது. கைய மட்டும் தூக்கிட்டு வந்துரு."

"தலைவரம்மா பாலம் பாலம்னு சொல்லிக்கினு கீறாங்களாமே?" என்று ஒருத்தர் கேட்டார்.

"இன்னா பாலம்? அவுங்க பாட்டுல ஆர்ச்சக் கட்டிக்கினு பல்ல இளிச்சாங்களே, அப்போ தெரியலையா பாலம்? அவுங்க ஷோக்குக்கு நம்ம பொம்பளைங்க வெயில்ல வேவணுமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் எனக்கு அது அநியாயமாகப் படவில்லை.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.  ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த நேரம். என்னைச் சின்னப் படகில் ஏற்றிப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோனாள்.

"நான் ஒண்ணும் சொல்லலமே. நீயே அமுக்கிப் பாரு."

நடுக்காலில் கட்டைவிரலை வைத்தேன். டீயில் ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போனது. கையை இழுத்துக்கொண்டேன். தலைக்கு மேல் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடின. தடதடவென்று சத்தம். எங்கள் தலையில் மணல் உதிர்ந்தது.

"இன்னா தெர்து?" என்றாள்.

"நொரை தள்ளுதுக்கா" என்றேன்.

அவள் தலையில் விழுந்த மணலைத் தட்டிவிட்டாள். "உன் மருமவ மயங்கி வுழுந்தாளாமே, கேட்டேன். அதுவும் சின்ன சமாச்சாரம் இல்ல. நீ எந்தப் பக்கம் கையத் தூக்குனாலும் நாளைக்கு நான் உங்கூட டீ குடிப்பேன். அத மட்டும் மனசுல வெச்சிக்கோ" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. படகு திரும்பும்போது என் வீட்டு ரசத்தில் என்ன போடுவேன் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

கூட்டத்தன்று பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இரண்டு குப்பமும் நின்றது. அக்கரைக் குப்பத்துக்குப் பெரியவரை ஊரே நைனா என்று கூப்பிடும். காது கொஞ்சம் மந்தம், ஆனால் வேண்டியது கேட்கும். அவரும் வந்திருந்தார். இரவோடு இரவாக ஓவர்சியர் ஆபீசில் சொல்லிவிட்டாரோ என்னவோ, பாலத்தில் மூங்கில் கட்டித் தடுத்துவிட்டார்கள். ஆனால் தடுப்பைக் குனிந்து தாண்டிப் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

மெம்பர்கள் பாதிப் பேர் பாடு மாறக் கூடாது என்றார்கள். பாதிப் பேர் பாலம் என்றார்கள். நான் ஒருத்திதான் மிச்சம். எல்லாரும் கதவோரத்து நாற்காலியைப் பார்த்தார்கள். அந்த மாதிரி என்னை யாரும் பார்த்தது கிடையாது, கல்யாணத்தன்றுகூட.

கதவுக்கு வெளியே மாமா. ஜன்னலில் என் மருமகள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு.

எனக்குக் கை எழவில்லை. இரண்டு பக்கமும் எழவில்லை. அந்த நேரத்தில் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் மாமியார் இறந்தபோது எங்கள் குப்பத்துப் பாடு. பிணத்தை வைத்துக்கொண்டு வலை போட முடியாது. அப்போது இந்த நைனாவின் ஆட்கள்தான் எங்கள் நாளைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, தங்கள் நாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கைமாற்றுப் பாடு என்று சொல்வோம். பேச்சு மட்டும்தான். யாரும் ஏமாற்ற மாட்டார்கள்.

எழுந்துபோய் அக்கா காதில் அதைச் சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அக்கா என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கேட்டுக்கோங்க. பாட்ட யாரும் எட்த்துக்க வேணாம். கைமாத்து. இந்த வருசத்து வேலைய இக்கரைக்காரங்க கொட்டாவுக்கு இல்லாம பாலத்துக்குக் குடுக்குறாங்க. பதிலுக்கு ஏரில அக்கரைப் பாடு ஒண்ணு இவுங்களுக்கு. இறால் நல்லா படுற நாளாப் பாத்து. அதுல வர்றத வெச்சி இப்போதைக்கு ஓலக் கொட்டா போட்டுக்கட்டும். அடுத்த வருசம் மொதல் வேலை கல் கொட்டா. இன்னா நைனா, காதுல வுழுந்துச்சா?"

அக்கரை ஆட்கள் கத்தினார்கள். "பாலம் பஞ்சாயத்துப் பாலம். அதுக்கு எங்க பாட்ட ஏன் குடுக்கணும்?" "இன்னா பேஜாராப் போச்சு இது!" என்றார்கள்.

நைனா கையைத் தூக்கி அடக்கினார். "அந்தக் காலு மேல எம்பேரப் புள்ளைங்க நடக்குதுங்க. பாலம் நிக்கணும்னா எங்க வலை ஒரு நாள் கரையில நிக்கட்டும். ஆர்ச்சு கட்டுனது எங்க புத்தி. அத யாரு தலைல கட்டுறது?" என்றார். மாமாவைத் தேடிப் பார்த்தார். "இன்னாப்பா, உங்கம்மா செத்தப்போ குட்த்தேனே, இப்போ நீ குடு."

 மாமா என்னைப் பார்த்து, தூக்கு என்று கண்ணால் ஒரு சாடை காட்டினார். நான் கையைத் தூக்கினேன். தோள் வரைக்கும்தான் தூக்கினேன் என்று அப்புறம் கேலி செய்தார்கள்.

பாலத்தை மூடினார்கள். வேலை முடிகிற வரைக்கும் பிள்ளைகளைப் படகில்தான் இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு மாமா படகு. ஆள் இல்லை என்று அவரே கோல் ஊன்றினார். "ஊர்ல அவனவன் இறால் ஏத்துறான். நான் புஸ்தகப் பை ஏத்துறேன். எல்லாம் எங்க வூட்டு ஊமையால" என்று கரைக்குக் கரை சொல்லிக்கொண்டே போவார். மேஸ்திரி நடுக்காலைக் கொத்தித் திறந்தபோது மாமாவும் படகை நிறுத்திப் பார்த்தார். உள்ளே கம்பி இறால் மீசை மாதிரி இருந்தது.  மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே போய்ப் படகோடு காத்திருந்தார்.

கைமாற்று நாள் வந்தது. அக்கரைக்காரர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கரையில் நின்றார்கள். எங்கள் படகுகள் போயின. அன்று இறால் நன்றாகப் பட்டது. அந்த இறாலை விற்று மூங்கிலும் ஓலையும் வாங்கி ஒரு பந்தல் போட்டோம். பந்தல் போட நைனாவின் ஆட்கள் இரண்டு பேர் கூப்பிடாமலே வந்தார்கள். என் மருமகள் அதற்குக் கீழே உட்கார்ந்து ஒருநாள் விற்றாள். மறுநாள் அவளுக்கு வலி எடுத்தது. பெண் குழந்தை, நல்ல சுகப்பிரசவம்.

மழைக்காலத்தில் ஒரு புயல் வந்தது. முகத்துவாரத்தில் கடல் உள்ளே ஏறி, மேலிருந்து மழைத் தண்ணீரும் சேர்ந்து, பாலத்துத் தளம் வரைக்கும் ஏரி தொட்டது. விடிந்ததும் இரண்டு கரையிலும் ஜனம். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டித் தண்ணீரைத் தாண்டிப் பாலத்து நடுவுக்குப் போனாள். கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு நடுக்காலை அமுக்கினாள். நாங்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பாடா" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சத்தம் எங்கள் கரைக்குக் கேட்டது. எனக்கு மூச்சு அப்போதுதான் வந்தது.

மாமா கேட்டார்: "ஒண்ணும் ஆவலையே தலைவரம்மா. ஒண்ணும் ஆவாததுக்கா அவ்ளோ செலவு?"

"அதுக்குத்தாண்ணே அவ்ளோ செலவு" என்றாள் அக்கா.

ஜனம் சிரித்தது. மாமாவும் சிரித்தார்.

அவள் அமுக்கியதெல்லாம் சரியாக இருந்தது என்று எழுதினால் அது பொய். எங்கள் கரையில் ஒரு விளக்குக் கம்பம். ஊரைச் சுற்றி வந்தபோது அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "இது நிக்கும், வுடு" என்று சொல்லியிருந்தாள். அதே புயலில் அது சாய்ந்து, கவிழ்த்து வைத்திருந்த மாமா படகின் மேல் விழுந்து பலகை பிளந்துவிட்டது. அக்கா நேராக வந்து அந்தப் படகுக்குப் பக்கத்தில் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். காற்று மேல் பழி போடவில்லை.

"தப்பா அமுக்கிட்டேண்ணே" என்றாள்.

மாமா கொட்டகை கைவிட்டுப் போன நாளிலிருந்து இதற்குக் காத்திருந்தவர். நன்றாக நாலு கேட்பார் என்று நான் பயந்தேன். அவர் பலகையைத் தடவிப் பார்த்தார். "கம்பம் மண்ணுக்குள்ள இத்துப்போயிருக்குது. உள்ள கெடக்குறத வெரல் இன்னா பண்ணும்? பலகைய மாத்திக்கலாம், வுடு. எழுந்து வா, டீ குடி" என்றார். நான்தான் டீ போட்டேன். அவர்களையே பார்த்துக்கொண்டு சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இரண்டு பேரும் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஊரில் இருக்கிற எல்லாக் கம்பத்துக்கும் அடியில் மண்ணைத் தோண்டிப் பார்க்கச் சொன்னாள்.

அடுத்த வருஷம் சொன்னபடி கல் கொட்டகை வந்தது. திறப்பு விழா வேண்டாம் என்றாள். பெயிண்டுக்குப் பதில் கம்பிக்குத் துரு மருந்து வாங்கினாள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நிழல் நிழல்தானே.

அவள் முறை முடிந்தது. மகளோடு இருக்க எளாவூருக்குப் போய்விட்டாள். எனக்கு அதற்கப்புறம் ஒரு காய்ச்சல் வந்து கைகால் எல்லாம் பிடித்துக்கொண்டது. நடக்கவே பிடிக்கவில்லை. இனிமேல் அவ்வளவுதான் என்று நினைத்து நான் படுத்தே கிடந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

போன திருவிழாவுக்கு அக்கா வந்தாள். ஷேர் ஆட்டோவில் இறங்கியவள் யார் வீட்டுக்கும் போகவில்லை. நேராகப் பாலத்துக்குப் போய்க் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாளாம், என் பேத்தி ஓடிவந்து சொன்னாள். அக்காவும் கிழவியாகிவிட்டாள். என் கட்டிலில் உட்கார்ந்தாள். நலம் விசாரிக்கவில்லை. என் புஜத்தைப் பிடித்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். வலித்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது. டாக்டரிடம்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

இன்னொரு தடவை அமுக்கினாள்.

"தண்ணி நண்டுமே நீ" என்றாள். "சாவுற நண்டு இல்ல. தீனி துன்னு, நாள் குடு. தேறிடுவ."

மறுவாரம் நான் எழுந்து நடந்தேன். இப்போது இதை எழுதுவதும் கொட்டகை நிழலில் உட்கார்ந்துதான்.

இதில் எது முன்னே, எது பின்னே என்று எனக்கு நிச்சயம் இல்லை. ஆர்ச் நீலமும் மஞ்சளுமா, நீலமும் சிவப்புமா என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது. கம்பம் சாய்ந்தது அந்தப் புயலிலா, அதற்கடுத்த புயலிலா என்றும் தெரியவில்லை. மாமா இருந்தால் கேட்டிருப்பேன். தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்துச் சரி செய்து கொடுங்கள். ஆர்ச்சைப் பார்க்க எப்படியும் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னால் இப்போது படகில் இறங்க முடியாது. போகிறவர்கள் தண்ணீர் வற்றியிருக்கிற நேரமாகப் பார்த்து, அப்படியே நடுக்காலையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.